பழைய லொறிக்கு மாற்று எஞ்சின் பூட்டும்போது

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சின் வாங்கும்போது முதலில் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் பசை படிந்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

எஞ்சினின் பின்பக்க ஒயில் சீல், பைலட் பேரிங் (கியர்பொக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் சின்ன பேரிங்), கிளச் பிளேட் மூன்றையும் எஞ்சின் கீழே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பிளேட் சரியாக நடுவில் இல்லாவிட்டால் கியர்பொக்ஸ் தண்டு உள்ளே இறங்காது. அவசரக்காரர் போல்ட்டை இறுக்கி இழுப்பார்கள். பொக்ஸின் காது உடையும், பிளேட்டின் நடுப்பகுதி வளையும். எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் இடையிலான கடைசி இடைவெளியைக் கையால் தள்ளியே மூட வேண்டும்.

எஞ்சினுக்கும் செஸிக்கும் இடையிலான எர்த் வயரை மறந்தால், ஸ்டார்ட்டர் கரண்ட் எக்ஸிலேட்டர் கேபிள் வழியே ஓடும். கேபிள் புகைவதைப் பார்த்த பிறகுதான் பலருக்கு அந்த வயர் ஞாபகம் வரும்!

எல்லாம் பூட்டி முடிந்ததும் டீசலை நிறுத்திவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு டீசல் லைனில் உள்ள காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் பண்ணலாம். புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், ஆகவே கடைப் பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.