குடியம் காட்டுல கண்ண மூடின ஜிபிஎஸ்ஸும், அதுக்கு பதிலா வேற ஒண்ணு தேடி அலைஞ்சதும்

சென்னைக்குப் பக்கத்துல பூண்டி ஏரியத் தாண்டி குடியம் ஊருக்குள்ள வண்டிய நிறுத்திட்டு நாங்க நாலு பேரு நடக்க ஆரம்பிக்கும்போது காலைல ஏழு மணி இருக்கும். குடியம் குகைக்குப் போனவங்களுக்குத் தெரியும், அந்தக் காடு பெரிய மரக்காடு கிடையாது, முள்ளுப் புதர், கூழாங்கல்லு, நடுவுல ஆடு மாடு போயி போயி விழுந்த தடம், அவ்ளோதான், எல்லாத் தடமும் ஒரே மாதிரி இருக்கும். பல்லாவரத்துல 1863 மே 30 அன்னிக்கு ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கற வெள்ளைக்கார நிலவியல் ஆய்வாளர் கற்கால மனுஷங்களோட கற்கோடாரி ஒண்ண எடுத்தாரே, அதே வருஷம் அவரு இந்தப் பக்கம் அத்திரம்பாக்கத்துலயும் கண்டெடுத்தாரு, அப்படிப்பட்ட மண்ணு இது. குகை பாத்துட்டு, நிழல்ல உக்காந்து கட்டிட்டுப் போன தக்காளி சாதத்த சாப்ட்டுட்டு, போன வழியிலயே திரும்பாம கொஞ்சம் சுத்தி வரலாம்னு நாந்தான் சொன்னேன். கையில வழி காட்டற ஜிபிஎஸ் கருவி இருக்குற தைரியம்.

அரை மணி நேரத்துல திரை அணைஞ்சிடுச்சு. பேட்டரி செல்ல மாத்தலாம்னு மூடியத் திறந்தா உள்ள ஸ்பிரிங் பூரா வெள்ளையா பூத்துப் போயிருக்கு. தப்பு என்னுதுதான், மழைக்காலம் முழுக்க செல்ல உள்ளயே விட்டுட்டு அலமாரில வெச்சிருந்தேன், அது கசிஞ்சு தகடெல்லாம் அரிச்சிருக்கு. சரி போன் இருக்கேன்னு எடுத்தா, அது மதியம் வரைக்கும் வெயில்ல வெளிய தெரிஞ்ச மாதிரி தோள்பையில சொருகி இருந்ததால சூடாகி தானா ஆஃப் ஆயிடுச்சு, இன்னொருத்தர் போன்ல சிக்னலும் இல்ல, மேப்பு முன்னாடியே இறக்கியும் வைக்கல. தண்ணி நாலு பேருக்கும் சேத்து ஒரு லிட்டருக்கும் கம்மி.

அப்போ ஆடு ஓட்டிட்டு ஒரு பெரியவர் வந்தாரு. "இன்னா தம்பி, இந்தப் பக்கம் எங்க போறீங்க"ன்னு கேட்டாரு. "குடியம் போகணும் தாத்தா, தடம் விட்டுப் போச்சு"ன்னேன். "குடியம் உங்க முதுகுக்குப் பின்னாடி கீது, வாங்க மொதல்ல தண்ணி குடிங்க"ன்னு ஒரு பாறை இடுக்குக்குக் கூட்டிட்டுப் போனாரு, உள்ள கை விட்டா சில்லுனு தண்ணி. அந்த எடத்த வேபாயின்ட்டா, அதாவது கருவில சேமிக்கற இடக்குறியா, குறிச்சு வைக்கணும்னு மனசு துடிச்சுது, கையில இருக்கறதோ செத்த கருவி. வீட்டுக்கு வந்து சேரும்போதே முடிவு பண்ணிட்டேன், புதுசா ஒண்ணு வாங்கணும், இந்தத் தடவ நல்லா யோசிச்சு வாங்கணும்.

பழசப் பத்தி ஒரு விஷயம் சொல்லிடறேன், செகண்ட் ஹேண்டு வாங்குறவங்களுக்கு உதவும். அதுக்கு ஏற்கனவே தேதி கோளாறு இருந்துச்சு. ஜிபிஎஸ் சேட்டிலைட் அனுப்புற பழைய சிக்னல்ல வாரத்தோட எண்ணுக்கு பத்து பிட்டுதான் இடம், 0லருந்து 1023 வரைக்கும் போயிட்டு மறுபடியும் 0க்கு வந்துடும். 1999 ஆகஸ்ட்ல ஒரு தடவ அப்படி ஆச்சு, 2019 ஏப்ரல் 6 ராத்திரி ரெண்டாவது தடவ. சாஃப்ட்வேர் அப்டேட் வராத பழைய கருவிங்களுக்கு இது புரியாது, 1024 வாரம் பின்னாடி போயிடும். 2024 பொங்கலன்னிக்கு நான் நடந்த நடை அதுல 2004 மே 31ன்னு பதிவாகி இருக்கு. இடம் சரியாத்தான் காட்டும், தேதி மட்டும் தப்பு. அதனால பழசு வாங்கினா மொட்டைமாடில வெச்சு சேட்டிலைட் புடிக்க விட்டு தேதியப் பாருங்க, கடைக்குள்ள வெச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது.

எல்லாரும் மொதல்ல கேக்குறது, போன் இருக்கும்போது இது எதுக்கு. நியாயமான கேள்விதான். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் மாதிரி ஆப்புல ஆஃப்லைன் மேப்பு இறக்கி வெச்சுக்கிட்டா பாதி நடைக்கு அதுவே போதும், நானே அப்படி நிறைய போயிருக்கேன். ஆனா நம்ம ஊரு வெயில்ல போன் திரைய படிக்க பிரைட்னெஸ்ஸ முழுசா ஏத்தணும், ஏத்தினா சூடு, சூடானா பேட்டரி இறங்குது, விரல்ல வேர்வை இருந்தா டச்சு நம்ம சொல்றத கேக்காது. கையடக்க ஜிபிஎஸ் திரை வேற ரகம், வெளிச்சம் பட்டா அதையே திருப்பி அனுப்பி இன்னும் தெளிவா தெரியும், நடுமத்தியான வெயில்தான் அதுக்கு வசதி. அதவிட முக்கியம், போன் ஆபத்துக்கு கூப்பிடறதுக்காக மிச்சம் இருக்கணும். வழி காட்டற வேலையும் ஆள் கூப்பிடற வேலையும் ஒரே பேட்டரில தொங்கினா என்ன ஆகும்னு குடியத்துல பாத்துட்டேன்.

அடுத்த சனிக்கிழமை சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நெறஞ்ச ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். வண்டிக்குப் போடுற டிராக்கர், மாட்யூல், ஆன்டெனா எல்லாம் குவிஞ்சு கெடக்கு, கையடக்கக் கருவி கேட்டா பல கடைல "சார் அதெல்லாம் ஆர்டர் சொன்னாதான்"ங்கறாங்க. ஒரு கடைக்காரர் மட்டும் பொறுமையா உக்கார வெச்சு ஒரு நல்ல கேள்வி கேட்டாரு, "காட்டுல ராத்திரி தங்குவீங்களா சார், காலைல போயி சாயந்தரம் வர்றதா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலே பாதி மாடல் கழிஞ்சுடுது. எனக்குப் பெரும்பாலும் ஒரு நாள், எப்பவாவது ஜவ்வாது மலை, கொல்லிமலைன்னா ரெண்டு நாள்.

கடைசியா மூணு கருவிங்க மனசுல நின்னுச்சு. கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், சின்னது, ரெண்டு ஏஏ செல்லுல 25 மணி நேரம்னு கம்பெனிக் கணக்கு, மேப்பு போட எட்டு ஜிபி உள்ளயே இருக்கு, மேல மைக்ரோ எஸ்டி கார்டும் போடலாம். அடுத்தது ஜிபிஎஸ்மேப் 65எஸ், இதுவும் ரெண்டு ஏஏ, 16 மணி நேரம், தலைல கட்டை மாதிரி ஆன்டெனா நீட்டிட்டு இருக்கும், மல்டி பேண்டு. மூணாவது ஜிபிஎஸ்மேப் 67, 2023ல வந்தது, உள்ளயே சார்ஜ் ஏத்துற பேட்டரி, 180 மணி நேரம்.

இந்த மல்டி பேண்டுன்னா என்னன்னு புரிஞ்சுக்கத்தான் நான் ஒரு வாரம் செலவழிச்சேன், அது வீண் போகல. சாதாரண கருவி எல்1ங்கற ஒரே அலைவரிசையத்தான் கேக்கும். மல்டி பேண்டு கருவி எல்5ஐயும் சேத்துக் கேக்கும். பள்ளத்தாக்குல சிக்னல் நேரா வராம பாறைல பட்டு எகிறி வரும், நேரா வந்தது எது எகிறி வந்தது எதுன்னு பிரிக்கறது எல்1ல கஷ்டம், எல்5 சிக்னலோட துடிப்பு பத்து மடங்கு வேகம்ங்கறதால பிரிக்கறது சுலபம். இன்னொரு காரணம் நம்ம இருக்கற இடத்துக்கே உண்டு. பூமியோட காந்த நடுக்கோடு தமிழ்நாட்டோட தென்கோடி வழியாப் போறதால நம்ம தலைக்கு மேல அயனோஸ்பியர், அதாவது உசரத்துல மின்னூட்டம் இருக்கற காத்து அடுக்கு, ரொம்ப கொந்தளிப்பு, முக்கியமா சூரியன் மறைஞ்சப்புறம், மார்ச் செப்டம்பர் சுத்தி இருக்கற மாசங்கள்ல. அது சிக்னல தாமதப்படுத்தும். எவ்ளோ தாமதம்னு ஒரே அலைவரிசைய வெச்சு அளக்க முடியாது, ரெண்டு இருந்தா வித்தியாசத்துலருந்து கணக்குப் போட்டுடலாம். ஐரோப்பாக்காரங்க எழுதற ரிவ்யூவுல இது பெருசா வராது, நமக்கு இது பெரிய விஷயம்.

படிச்சா போதுமா, பாக்கணும்ல. கூட நடக்கற நண்பர் ஒருத்தர்கிட்ட மல்டி பேண்டு கருவி ஒண்ணும் எல்1 மட்டும் கேக்கற கருவி ஒண்ணும் இருந்துச்சு, ரெண்டையும் கடன் வாங்கிட்டு மொதல்ல பரங்கிமலை போனேன். ஏன் பரங்கிமலைன்னா, இந்த நாட்டோட அளவைக்கு அதுதான் ஆரம்பப்புள்ளி. 1802 ஏப்ரல் 10ம் தேதி வில்லியம் லாம்ப்டன்ங்கற ஆங்கிலேய அளவையாளர் இங்கருந்துதான் பெரும்பாக்கம் குன்று வரைக்கும் நூறு அடி சங்கிலிய நீட்டி நீட்டி ஏறக்குறைய 12 கிலோமீட்டர் அடிக்கோட்ட, அதாவது மத்த அளவுக்கெல்லாம் அடிப்படையான கோட்ட, அளந்தாரு, 57 நாள் ஆச்சு. ஏப்ரல் மே வெயில்ல. சங்கிலி சூட்டுல எவ்ளோ நீளுதுங்கறத கூட கணக்குல எடுத்திருக்காங்க. மேல அவரு சிலை இருக்கு, சர்ச்சுக்கு வர்றவங்க பல பேரு அத கவனிக்கறதே இல்ல, எனக்கு அங்க நிக்கும்போது எப்பவும் உடம்பு சிலுக்கும். நாட்டோட அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 மேப்புங்களத்தான் இப்போ நம்ம ஆன்லைன்ல இலவசமா இறக்கி, கேஎம்இசட்ங்கற மேப்பு ஃபைலா மாத்தி கருவிக்குள்ள போட்டுக்கறோம்.

மலை உச்சில, மீனம்பாக்கத்துல பிளேன் இறங்கறத பாத்துட்டு ரெண்டையும் சுவர் மேல ஒரு மணி நேரம் வெச்சிருந்தேன். திறந்த வானத்துல வித்தியாசம் பெருசா இல்ல, ரெண்டும் சில மீட்டருக்குள்ளதான் ஆடுச்சு. இதுலயே முடிவு பண்ணியிருந்தா விலை கம்மியானத வாங்கியிருப்பேன்.

ஆனா மறுவாரம் நாகலாபுரம் போனோம். ஆந்திரா எல்லைக்குள்ள, சென்னைலருந்து ரெண்டரை மணி நேரம், ஓடைய புடிச்சிக்கிட்டு மேல ஏறற வழி, ரெண்டு பக்கமும் பாறை. ஒரு கருவி தோள்பட்டைல, ஒண்ணு இன்னொரு தோள்ல. வீட்டுக்கு வந்து ரெண்டு டிராக்கையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பாத்தா, பள்ளத்துக்குள்ள எல்1 கோடு ஓடையோட அந்தக் கரைக்குப் போயி பாறை மேல ஏறி திரும்ப வருது, அங்கல்லாம் நாங்க போகவே இல்ல. மல்டி பேண்டு கோடும் கொஞ்சம் ஆடுது, ஆனா ஓடைய விட்டுப் போகல. இருட்டுற நேரத்துல எந்தக் கரைல இறங்கணும்ங்கறதுல அந்த முப்பது நாப்பது மீட்டர் எவ்ளோ பெருசுன்னு நடந்தவங்களுக்குத் தெரியும்.

அதோட 22எக்ஸ் போச்சு. 65எஸ்ஸா 67ஆ? 180 மணி நேரம்ங்கறது சும்மா இல்ல, இமயமலைல பத்து நாள் போறவங்களுக்கு அதுதான் சரின்னு சொல்லுவேன். எனக்கு யோசனை வேற. உள்ள வெச்ச பேட்டரி ஏழெட்டு வருஷத்துல தளரும், அத மாத்த சர்வீஸுக்குத்தான் அனுப்பணும். ஏஏ செல்லு செவுத்துக் கடியாரத்துக்குப் போடுறது, குடியம் பெட்டிக்கடைலயும் கிடைக்கும். அந்தக் கடியார செல்லு ரொம்ப நேரம் தாங்காது, ஆனா ஊரு வந்து சேர போதும். வழக்கமா நான் சார்ஜ் ஏத்துற நிக்கல் செல்லு நாலு வெச்சிருக்கேன், ரெண்டு உள்ள, ரெண்டு பையில. செட்டிங்ஸ்ல பேட்டரி வகைய மறக்காம மாத்துங்க, இல்லன்னா மிச்சம் எவ்ளோன்னு தப்பா காட்டும். வீட்டுக்கு வந்ததும் செல்ல வெளிய எடுத்துடுங்க. நம்ம ஊரு ஈரக்காத்துல இது ரொம்ப முக்கியம்.

எஸ் போட்ட மாடலா வாங்கினதுக்குக் காரணம் அதுல காத்தழுத்தம் பாக்குற ஆல்டிமீட்டரும், நின்ன இடத்துலயே திசை காட்டுற காம்பஸும் இருக்கு. ஆல்டிமீட்டர நம்ம ஊர்க்காரங்க பெசன்ட் நகர் பீச்சுலயே சரி பண்ணிக்கலாம், கடல் மட்டம் கண்ணு முன்னாடி இருக்கு. ஆனா ஒரு விஷயம், நம்ம பக்கம் காத்தழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்குல ஏறி சாயந்தரம் நாலு மணி வாக்குல இறங்கும், காத்தழுத்தத்த அளக்கற ஹெக்டோபாஸ்கல் ஒண்ணுக்கு எட்டு மீட்டர்னா, நீங்க நாற்காலில உக்காந்திருந்தாலே சாயந்தரத்துக்குள்ள இருபது முப்பது மீட்டர் ஏறின மாதிரி காட்டும். கருவி கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க, உயரம் தெரிஞ்ச இடத்துல திரும்ப சரி பண்ணிக்குங்க.

தயவு செஞ்சு இத மட்டும் கவனமா படிங்க. 66ஐ, 67ஐன்னு பேரு கடைசில ஐ எழுத்து வர்ற மாடல்ல இரிடியம் சேட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்புற வசதி இருக்கு. வெளிநாட்டுல உயிர் காக்குற வசதிதான், ஆனா இந்தியாவுல தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம அத வெச்சிருக்கறதே குத்தம், ஏர்போர்ட்டுல புடிச்சு கேஸ் போட்டிருக்காங்க. துபாய்லருந்தோ சிங்கப்பூர்லருந்தோ மச்சான் வாங்கிட்டு வர்றேன்னு சொன்னா மாடல் பேர எழுத்து விடாம எழுதிக் குடுங்க.

65எஸ் வந்து சேந்தது ஒரு வியாழக்கிழமை. திரை மூலைக்கு மூலை 2.6 இன்ச், போன் பழகின கண்ணுக்கு படம் கொஞ்சம் கரடுமுரடா தெரியும், பட்டன் அமுக்கி எழுத்து எழுத்தா பேரு அடிக்கணும், ரெண்டும் எனக்குப் பரவால்ல. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்லருந்து தென்னிந்திய மேப்பு ஒண்ணு இறக்கி கார்டுல போட்டேன்.

அதுக்கப்புறம் பழச எடுத்தேன். பன்னெண்டு வருஷமா குறிச்ச சுனை, பாதை பிரியற இடம், நிழல் மரம் எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு. பஞ்சுல வினிகர் தொட்டு அந்த வெள்ளைப் பூப்ப மெதுவா தொடச்சு, ஒரு நாள் காய விட்டு, செல்லு போடாம யூஎஸ்பி ஒயர்ல கம்ப்யூட்டரோட சொருகினேன். திரைக்கு உயிர் வந்துச்சு. ஒயர ஆட்டாம மூச்ச புடிச்சிக்கிட்டு நடந்த தடமும் குறிச்ச இடமும் இருக்கற மொத்த ஜிபிஎக்ஸ் ஃபைலையும் காப்பி பண்ணிட்டேன். தேதி தப்பானதுக்கெல்லாம் 1024 வாரத்துக்கான 7168 நாள் கூட்டி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் திருத்திட்டு இருந்தேன். கடைசி ஃபைல் குடியம், குகைலருந்து கிளம்பி கொஞ்ச தூரத்துல கோடு அப்படியே நின்னு போகுது. அதுக்கு மேல தாத்தா காட்டுன பாறை இடுக்கு எங்க இருக்கும்னு சேட்டிலைட் படத்துல உத்து உத்துப் பாத்தேன், புதர்தான் தெரியுது. வர்ற ஞாயித்துக்கிழமை வனத்துறைல சொல்லிட்டுப் போறோம், அவரு ஆடு ஓட்டிட்டு வர்ற நேரத்துக்கு.