ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ்

மழைக்காலத்தில் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தைத் திறந்தால் என் கண் முதலில் அணைச் செய்திக்குத்தான் போகும். பேச்சிப்பாறையின் நீர்மட்டம் 48 அடிக்கு எவ்வளவு குறைவு, பெருஞ்சாணி 77 அடியை எட்டுமா, உபரிநீர் வினாடிக்கு எத்தனை கன அடி என்று எல்லாவற்றையும் அடிக்கணக்கில் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே பெய்த மழையை மில்லிமீட்டரில் தருவார்கள். வானத்திலிருந்து விழும்போது மெட்ரிக், அணைக்குள் தேங்கியதும் அடி. இதைப் படித்து யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. ஒன்றை மற்றொன்றாக மாற்றவேண்டிய தேவை படிப்பவருக்கு வருவதேயில்லை.

கடற்கரையிலும் இப்படித்தான். திருவள்ளுவர் சிலை 133 அடி: அறத்துப்பாலின் அதிகாரங்களுக்காகப் பீடம் 38 அடி, மற்ற இரு பால்களுக்காகச் சிலை 95 அடி. அதை 40.5 மீட்டர் என்று எழுதினால் உயரம் சரியாகவே இருக்கும், குறள்தான் காணாமல் போகும். அந்தச் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தையோ 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்றே சொல்கிறோம்.

ஓர் அளவையில் செய்த பொருளுக்கு வேறோர் அளவையின் பெயர் ஒட்டிக்கொள்ளும்போதுதான் வம்பு தொடங்குகிறது. வீடு கட்டியபோது எங்கள் கூடத்தின் நீளம் உள்ளளவில் சரியாக 20 அடி. கடையில் எல்லோரும் ‘ரெண்டுக்கு ரெண்டு’ என்றே சொன்ன டைல்ஸை, நீளவாக்கில் பத்து என்று மனக்கணக்குப் போட்டு, வெட்டுத்துண்டே வராது என்ற பெருமிதத்தோடு வாங்கி இறக்கினேன். பெட்டியின் மேல் 600 மி.மீ. என்று அச்சிட்டிருந்ததை, இரண்டடிக்கு இன்னொரு பெயர் என்றே நினைத்துக்கொண்டேன். இரண்டடி என்பது 609.6 மி.மீ. ஒரு கல்லில் ஒரு சென்டிமீட்டர்கூட வராத அந்த வித்தியாசம், பத்தாவது கல் பதிந்தபோது, இணைப்புகளுக்கு 2 மி.மீ. விட்டபிறகும், சுவரோரம் மூன்று அங்குல வெற்றுத் தரையாக இளித்தது. “பேச்சுக்குத்தான் சாரே ரெண்டுக்கு ரெண்டு” என்றார் கொத்தனார், அளவுநாடாவைச் சுருட்டியபடி. அவருடைய நாடாவில் ஒரு விளிம்பில் அங்குலமும் மறு விளிம்பில் சென்டிமீட்டரும் இருந்தன. நான் அதுவரை ஒரு விளிம்பை மட்டுமே பார்த்திருந்தேன். (ப்ளைவுட்டை எட்டுக்கு நாலடி, 18 மி.மீ. கனம் என்று ஒரே மூச்சில் சொல்லி வாங்குகிறோம், அதில் சிக்கல் வருவதில்லை. கனத்தை யாரும் அடியால் அளப்பதில்லையே.)

நிலத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. குமரி தமிழ்நாட்டோடு இணைந்த அதே 1956இல்தான் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டமும் நாட்டில் இயற்றப்பட்டது. காய்கறிக் கடையைக் கிலோ முழுதாகப் பிடித்துக்கொண்டது, மண்ணில் சென்ட் அசையவே இல்லை. விலை பேசுவதும் பாகம் வைப்பதும் சென்டில்தான், ஆனால் பட்டா மட்டும் ஹெக்டேரிலும் ஏரிலும் வரும். சென்ற மாதம் மாமி தம் பட்டா நகலைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய பத்திரத்தில் 10 சென்ட் என்று இருந்த மனை, இதில் 4.05 ஆகியிருந்தது.

“மக்களே, பத்து சென்ட்ல பாதிக்கு மேல யாரு கொண்டு போனா?”

ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2.47 சென்ட் என்று சொல்லி, 4.05ஐ அதனால் பெருக்கிக் காட்டினேன். இரண்டாம் முறையும் பெருக்கச் சொன்னார். பிறகு நகலின் மூலையில் ‘10 சென்ட்’ என்று பெரிதாக எழுதி வாங்கி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் காப்பிக்கு உட்கார்ந்தார்.