இலவச கெஸ்ட்புக்கும் லீவில் போன மாமாவும்

2001-இல் எனக்கு ஒரு சொந்த இணையப்பக்கம் இருந்தது. ஜியோசிட்டீஸ் என்ற தளம் இலவசமாகக் கொடுத்த 15 எம்பி இடத்தில் பதினாறு கவிதைகள், அவற்றில் பதினான்கு மழையைப் பற்றியவை. மதுரையில் உட்கார்ந்துகொண்டு மழையைப் பற்றி எழுதியவனுக்குக் கற்பனை வளம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்று எண்ணும் கவுண்டர் 212 காட்டியது. அதில் 200 நான்தான், சிம்மக்கல் பக்கம் ஒரு ப்ரவுசிங் சென்டரில் மணிக்கு 30 ரூபாய் கொடுத்து என் பக்கத்தை நானே திறந்து திறந்து பார்த்த வகையில்.

மிச்சம் பன்னிரண்டு பேர் யார் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. அதற்கு ஒரு கெஸ்ட்புக் வேண்டும், வந்தவர்கள் பெயரும் கருத்தும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் இணைய நோட்டு.

முதலில் கெத்தாக, சொந்தமாக ஒன்று வைக்கப் பார்த்தேன். பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய கெஸ்ட்புக் ஸ்கிரிப்டுகள் இலவசமாகவே கிடைத்தன. ஆனால் அதை ஓட்ட சர்வரில் நிரல்களை ஓட்டவிடும் சிஜிஐ வசதி வேண்டும், கோப்புக்கு 755 என்று அனுமதி கொடுக்க வேண்டும், ஓசி இடத்தில் அதற்கெல்லாம் வழியில்லை. சரி, வேறு யாராவது நடத்தும் கெஸ்ட்புக்கில் ஒண்டிக்கொள்ளலாம் என்று தேடியதில் மூன்று தேறின. ஒன்று, கையெழுத்துப் போட்டதும் இரண்டு சூதாட்ட ஜன்னல்களைத் திறந்துவிடும். இன்னொன்றின் தலையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இருப்பாள், அம்மாவுக்குக் காட்டியபோது கவிதையை விட்டுவிட்டு, "இது யாருடா?" என்றுதான் கேட்டார். மூன்றாவதில் ஒரு மயிலிறகுப் பேனா தானாக எழுதுவதுபோல அசையும் படம் இருந்தது. ஆய்வெல்லாம் அத்தோடு முடிந்தது, அந்தப் பேனாவுக்காகவே அதை எடுத்தேன்.

அதில் 'ஹோம்பேஜ்' என்ற கட்டத்தை நிரப்பாவிட்டால் உள்ளே விடாது என்பதைக் கவனிக்கவில்லை. இணையப்பக்கம் வைத்திருப்பவன்தான் கையெழுத்துப் போடலாம் என்றால் என் சொந்தத்தில் நான் ஒருவன்தான் போட முடியும். பெரியப்பா அசரவில்லை. ஹோம் என்று கேட்டிருக்கிறான், சொல்லிவிட்டால் போயிற்று என்று கதவு எண், தெரு, 'பிள்ளையார் கோயில் எதிரில்' வரை சென்டர் பையனை விட்டு ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லியிருந்தார். கருத்து என்ற இடத்தில் 'நலம், நலமறிய அவா'.

சிங்கப்பூர் மாமா தமிழில் அடிக்க உதவும் முரசு அஞ்சல் மென்பொருள் வைத்திருந்தார், தமிழிலேயே எழுதினார். வந்தது கணக்கு நோட்டு. அப்போது எல்லா மொழிக்கும் தனி இடம் தரும் யூனிகோட் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை, எல்லாம் திஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டு முறைதான். ஆங்கில எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலே இருந்த குறிகளின் இடங்களில் தமிழைக் குடிவைத்த ஏற்பாடு அது. எழுத்துரு சரியாக அமையவில்லையென்றால் பழைய குடித்தனக்காரர் வெளியே வந்துவிடுவார். 'ட' கால் ஆகிவிடும், 'ண' அரை, 'த' முக்கால், 'ர்' வகுத்தல் குறி. ஆகவே மாமா ஆசையாக எழுதிய 'தம்பி' முக்காலில் தொடங்கி சென்ட் குறியில் முடிந்தது. பாராட்டுகிறாரா, கடனைக் கேட்கிறாரா என்று தெரியாமல் மொத்தத்தையும் வேர்டில் ஒட்டி எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன். 'தம்பி, உன் பக்கத்தில் ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை, எல்லாம் கால் அரை முக்காலாகத் தெரிகிறது' என்று எழுதியிருந்தார்.

இனிமேல் கவிதையை நானே ஆட்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். மெயிலிங் லிஸ்ட் ஆரம்பிப்பது இலவசம், ஐந்து நிமிட வேலை. நான் எழுத மற்றவர்கள் வாசிக்கும் வகை ஒன்று, எல்லாரும் எல்லாருக்கும் எழுதும் வகை ஒன்று, பதில் போட்டால் எழுதியவருக்கு மட்டும் போகட்டுமா மொத்தக் குழுவுக்கும் போகட்டுமா என்று வேறு ஒரு கேள்வி. சென்டரில் நேரம் முடியப்போகிறது என்று பையன் குரல் கொடுக்கவே, எது ஏற்கெனவே டிக் ஆகியிருந்ததோ அதற்கே ஓகே கொடுத்துவிட்டு எழுந்தேன். டிக் ஆகியிருந்தது: எல்லாரும், எல்லாருக்கும். உறுப்பினர் பதினொரு பேர்.

பதினைந்தாவது மழைக் கவிதையை அனுப்பிய அன்று மாமா இரண்டு வார லீவில் போயிருந்தார். அவருடைய ஆபீஸ் மெயில் தானாகவே, 'நான் விடுப்பில் இருக்கிறேன், அவசரமென்றால் இன்னாரைத் தொடர்புகொள்ளவும்' என்று ஆங்கிலத்தில் பதில் போட்டது. பதினொரு பேருக்கும். பெரியப்பா தபால் காலத்து மனிதர், வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது அவர் அகராதியில் மரியாதைக் குறைவு. 'மாப்பிள்ளை நல்லபடி ஓய்வெடுக்கவும், இங்கு அனைவரும் சுகம்' என்று எழுதினார். உடனே மாமா விடுப்பில் இருப்பதாக மறுபடியும் பதில். 'தெரியும் மாப்பிள்ளை, முன்பே சொன்னீர்கள்.' மறுபடியும் விடுப்பு. நான்காவது நாள் பெரியப்பா கொஞ்சம் சூடாகி, 'அவசரம் ஒன்றும் இல்லை என்று எத்தனை முறை எழுதுவது?' என்று கேட்டார். அதற்கும் அதே பதில்தான். இத்தனைக்கும் ஒவ்வொரு பதிலுக்கும் அவர் சென்டருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர் அத்தையின் 2 எம்பி மெயில் பெட்டி நிரம்பும் நிலையில் இருந்தது, என் கவிதையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் பெரியப்பாவின் மெயில் சட்டென்று நின்றது. கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்து, அமைப்புக்குள் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

லீவு முடிந்து வந்த மாமா போன் செய்தார். "ஏன்டா, அவசரம்னா இவரைக் கேளுங்கன்னு ஒரு பேரு போட்டிருந்தேன்ல, பக்கத்து சீட்டுச் சீனர். மாப்பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு, யந்திரம் மாதிரி ஒரே பதிலைச் சொல்றாருன்னு உங்க பெரியப்பா அந்த மனுஷனுக்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்காரு. நம்ம வீட்டு அட்ரஸ், கடைசியில தன்னோட முட்டிவலி வரைக்கும்."

"ஐயோ, அவர் என்ன சொன்னார் மாமா?"

"என்ன சொல்றது, தினமும் டீ குடிக்கப் போறப்பல்லாம் முட்டி இப்ப எப்படி இருக்குன்னு என்னைக் கேக்கறாரு. நீ போய்ப் பாத்துட்டு ஒரு வரி எழுது, எனக்கு மட்டும் வர்ற மாதிரி."