தூரத்து ஆஸ்பத்திரி

"மருந்தை ஊருக்குப் பக்கத்திலேயே கொடுத்தால் எல்லோரும் தவறாமல் சாப்பிடுவார்கள்" என்று எய்ட்ஸ் தடுப்புக் கூட்டங்களில் பேசாதவர் இல்லை. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து ஜனங்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்த எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

மலையடிவாரத்து அக்கா ஒருவரிடம், இனி மாத்திரையை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றேன். பதறிவிட்டார். "ஐயோ வேணாம் மேடம், அங்க சீட்டு எழுதுறது எங்க நாத்தனார் மவ." வேலூர் வந்து, பஸ் மாறி, அடுக்கம்பாறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். ஒரு நாள் கூலி போகும். போகட்டும் என்பார். வீட்டில் கேட்டால் சுகர் மாத்திரை. டப்பா பையில் கலகலவென்று சத்தம் போடக்கூடாதென்று உள்ளே பஞ்சை அடைத்து, லேபிளை நகத்தால் சுரண்டிவிடுவார்.

பரிசோதனை சுலபம். கிராமத்தில் நர்ஸ் விரலில் குத்திப் பார்ப்பது முதல் கட்டம்தான். மையத்தில் வெவ்வேறு வகைக் கிட்டுகள் மூன்றிலும் பாசிட்டிவ் வந்தால்தான் உறுதி.

சிக்கல் அதற்கப்புறம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. லாரி ஓட்டும் புருஷனைக் கூப்பிட்டு உட்காரவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் பல வீடுகளில் முதலில் தெரிவது பெண்ணுக்கு. உடனே மாமியார், "இவதான் கொண்டாந்தா" என்பார். யாருக்கு முதலில் தெரிந்தது என்பதை வைத்து யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது. இதை எத்தனை வீட்டுத் திண்ணையில் சொல்லியிருப்பேனோ!

இத்தனைக்கும், 1986இல் சென்னையில் எடுத்த ரத்தத்தில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தது இதே வேலூர் சி.எம்.சி.யில்தான். 2004இலிருந்து அரசு கூட்டுமருந்தை இலவசமாகத் தருகிறது. இப்போது பலருக்கு நாளைக்கு ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. 2017இல் வந்த சட்டமும் ஒருவரின் ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது என்கிறது. ஆனால் நாத்தனார் மகள் எந்தச் சட்டத்தைப் படித்தாள்?

பக்கத்தில் மையம் வேண்டும்தான், நடக்க முடியாதவர்களுக்காகவாவது. எங்கே வாங்குவது என்பதை மட்டும் வாங்குகிறவர் முடிவு செய்யட்டும்.

உடம்பு நிலையாக இருப்பவர்களுக்குச் சில மாத மருந்தைச் சேர்த்தே கொடுக்கலாம் என்று வந்ததும் அந்த அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் யோசித்தார். "சுகருக்கு மூணு மாசத்துக்கு ஒருக்காதான் போவேன்னா வீட்ல நம்புவாங்களா மேடம்?"