நாலாவது பலகையில் ஒரு கண்

செதுக்கிப் பழகும் மூன்றாவது பலகையும் போச்சு. இந்த முறை தப்பு கத்தியில் இல்லை, பென்சிலில்.

வான்கூவர் மானுடவியல் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்ததிலிருந்து கனடாவின் மேற்குக் கரைப் பூர்வகுடிகளான ஹைடா மக்களின் தலையணிகள் மேல் ஒரு பித்து. ஹைடா குவாய் தீவுகளில் சடங்கு நடனத்துக்கு அணிவது. நெற்றிக்கு நேராக ஒரு சாண் உயரத்தில் மரப்பலகை. செதுக்கி, வண்ணம் பூசி, வானவில்லாய் மின்னும் அபலோனிச் சிப்பி பதித்திருப்பார்கள். உச்சியில் கடற்சிங்கத்தின் மீசைமுடிகள் வேலி மாதிரி நிற்கும். பின்னால் எர்மின் என்ற கீரி மாதிரியான சின்ன விலங்கின் வெள்ளைத் தோல்கள் தொங்கும். அந்த வேலிக்குள் கழுகின் தூவியை நிரப்பிக்கொண்டு ஆடுவார்கள். தலையை அசைக்க அசைக்கத் தூவி பறந்து விருந்தினர் மேல் இறங்கும். சமாதானம், வரவேற்பு என்று பொருள். இப்படி ஆடும் பொட்லாட்ச் என்ற விருந்து, பரிசளிப்பு விழாவையே கனடா அரசு 1885 முதல் 1951 வரை தடை செய்து வைத்திருந்தது.

நான் செய்வது தலையணி இல்லை. அதிலுள்ள குலச்சின்னங்கள் அந்தந்தக் குலத்துக்கே சொந்தம், நான் எடுத்தாள உரிமை கிடையாது. அதனால் பயிற்சிப் பலகையில் கண் மட்டும்.

அந்தக் கண்ணின் வெளிக்கோடுதான் படுத்துகிறது. முட்டையும் இல்லை, செங்கல்லும் இல்லை. மேல்கோடு வில்லாக வளையும், அடிக்கோடு நடுவில் லேசாக உள்வாங்கும், மூலைகள் உருண்டிருக்கும். முதல் இரண்டிலும் கோட்டை ஒரே தடிமனில் போட்டேன். ரப்பர் வளையம்தான் வந்தது. மேலே தடித்து, பக்கங்களில் மெலிய வேண்டுமாம். மூன்றாவதில் அதைச் சரிசெய்து, கருவிழியைச் சரியாக நட்டநடுவில் வைத்துத் தொலைத்தேன். அது சற்று மேலே ஏறி நிற்க வேண்டும். இப்போது தூக்கக் கலக்கத்தில் முழிக்கும் மீன் ஒன்று என் மேசையில் இருக்கிறது.

நாலாவதுக்கு அச்சு வெட்டிக்கொண்டேன். அங்கே பழைய கைவினைஞர்கள் செடார் மரப்பட்டையில் வெட்டி வைத்துக்கொள்வார்கள். எனக்கு வாய்த்தது கார்ன்ஃபிளேக்ஸ் அட்டை. இரண்டாக மடித்துப் பாதியை மட்டும் வெட்டி விரித்தால் இடமும் வலமும் ஒத்துவருகிறது. ஆல்டர் மரம் மெத்தென்று வெட்டுப்படுகிறது. வளைகத்தியை நம் பக்கம் இழுத்துச் சீவுவதுதான் இன்னும் பழகவில்லை. கட்டைவிரலில் இரண்டு பிளாஸ்டர்.

முதன்மைக் கோட்டுக்குக் கருப்பு, அடுத்ததுக்குச் சிவப்பு, பள்ளத்தில் பச்சைநீலம். அந்தக் காலத்தில் சால்மன் முட்டையை வாயில் மென்று அந்தச் சாற்றில் நிறப்பொடியைக் குழைத்தார்கள். எனக்குப் பித்து அவ்வளவு முற்றவில்லை, அக்ரிலிக்தான்.

சிப்பித் துண்டு ஒன்று வாங்கியாச்சு. அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டு, தண்ணீர் விட்டுவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். மழை விட்டால் பால்கனியில் உட்காரணும்.