சேமக்காலைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்

இலங்கை மலைநாட்டுப் பழைய சேமக்காலைகளில், அதாவது கிறிஸ்தவ இடுகாடுகளில், கல்லறைக் கல் உடைந்தால் மழையையும் மரவேரையும் குறை சொல்வது வழக்கம். கிட்டப் போய்ப் பார்த்தால் பல கற்களைக் கெடுத்தது பின்னால் யாரோ நல்ல மனதோடு பூசிய சீமெந்துதான். பளிங்கும் மணற்கல்லும் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும். சுற்றிலும் சீமெந்தால் அடைத்துவிட்டால் அந்த ஈரம் கல்லின் முகப்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். கூடவே வரும் உப்பு, மேல்தோலைப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது. எழுத்து முதலில் போய்விடும்.

வேலையைத் தொடங்குமுன் எழுத்தைப் படம் பிடித்து வைக்க வேண்டும். பக்கவாட்டில் கண்ணாடி பிடித்து வெயிலைச் சாய்வாக விழச் செய்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பித் தெரியும். நூறு வருடம் தாண்டிய கல்லென்றால், கை வைக்குமுன் தொல்பொருள் திணைக்களத்திடமும் தேவாலயத்திடமும் கேட்டுக்கொள்வது அவசியம்.

கழுவுவதற்குத் தண்ணீரும் மெத்தென்ற நைலோன் பிரஷும் போதும். கல்லை நன்றாக நனைத்துக் கீழிருந்து மேலாகத் தேய்த்தால் அழுக்குக் கோடு விழாது. பாசியை ஊறவிட்டு மூங்கில் குச்சியால் எடுக்கலாம். கல்லோடு ஒட்டிய மரப்பாசி (லைக்கன்) பெயரும்போது துகளும் கூடவே வந்தால் அதை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. கம்பி பிரஷ், குளோரின், எலுமிச்சைச் சாறு மூன்றும் கூடாது. பளிங்கு சுண்ணாம்புக் கல்லின் வகை. புளிப்பு பட்டால் கரையும். ஈயம் பதித்த எழுத்தென்றால் இன்னும் கவனம் வேண்டும், தளர்ந்த ஈயம் தேய்ப்பில் கழன்றுவிடும்.

சீமெந்துக்குப் பதிலாக வைக்கும் சாந்துக்கு நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. கடல்மணலில் உப்பு இருப்பதால் அது வேண்டாம். பழைய சீமெந்தை மெல்லிய உளியால் சிறிது சிறிதாகக் கொத்தி எடுக்க வேண்டும். கல்லின் விளிம்பும் சேர்ந்து பெயர்வதாக இருந்தால், ஒட்டியிருக்கும் துண்டை விட்டுவைப்பதே புத்தி. இடைவெளி ஆழமாக இருந்தால் ஒரேயடியாக அடைக்காமல் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புப் படைகளாக வைக்கலாம். பிறகு ஒரு கிழமை நனைத்த சாக்கால் மூடி வைக்க வேண்டும். சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும். நுவரெலியாவில் ஜனவரி இரவுகளில் பனி உறையும் என்பதால் மேலே வைக்கோலும் போடுவது நல்லது. மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரையும், பதுளைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் வேலைக்குத் தோதான காலம்.

இரண்டாக உடைந்த கல்லை இணைக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிதான் வேண்டும். பழைய இரும்புக் கொக்கி துருப்பிடித்துப் பருக்கும்போது கல்லைப் பிளக்கும். பசையை நடுப்பகுதியில் மட்டும் வைத்து விளிம்பில் ஓர் அங்குலம் விட்டு, அங்கே சுண்ணாம்புச் சாந்தை நிரப்பினால் ஈரம் வெளியேற வழி இருக்கும்.

மூன்றடி உயரம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குலத் தடிப்புள்ள பளிங்கு எண்பது கிலோவுக்கு மேல் நிறுக்கும். சாய்ந்திருப்பதைத் தள்ளி நிமிர்த்தப் பார்த்தால் அடியில் முறியும். சுற்றிலும் மண்ணை வெட்டி, பட்டை வார் கட்டி, மூன்று கால் சட்டத்தில் செயின் புளொக் (சங்கிலிக் கப்பி) போட்டுத் தூக்குவதே சரி. திரும்ப நடும்போது குழியில் சல்லியும் மணலும் போட்டு இடிக்க வேண்டும், கொங்கிறீற் போடக்கூடாது.

போகவந்தலாவையில் 1879இல் அடக்கமான புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன், கண்டி மஹையாவையில் அடக்கமான தேயிலைப் பயிர்ச்செய்கை முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் ஆகியோரின் கல்லறைகளைத் தேடிப் பலர் வருகிறார்கள். தோட்டத்துக் கங்காணிமாரும் தொழிலாளரும் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டுக் கல்லறைகளுக்கும் இதே சாந்து, இதே பொறுமை வேண்டும். அவற்றில் பெயர் தனிக் கல்லில் இல்லாமல் பூச்சிலேயே கீறப்பட்டிருந்தால் மேலே புதுப்பூச்சு போடவே கூடாது. பிளவை மட்டும் அடைத்து, முதல் பருவமழை முடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.