மாமாவுக்குச் சத்தம் கேட்கிறது, பேச்சுதான் கேட்கவில்லை

எங்கள் தங்கச்சிமடத்தில் ஒருவருக்குக் காது மந்தமாவதைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கடற்காற்றுக்கு எதிரே பேசிப் பழகிய ஊர். எல்லோருமே உரக்கத்தான் பேசுவோம்.

என் மாமனார் விசைப்படகு டிரைவர். வாலிப வயதிலிருந்து ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே கிடந்தவர். கியர் பாக்ஸின் மேல் உள்ளங்கையை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். இவருக்கா காது கேட்காது என்றார்கள். எஞ்சினின் உறுமல் தாழ்ந்த ஒலி. அது காதுக்கும் எட்டும், கைக்கும் தெரியும். இரைச்சல் முதலில் தின்பது உயர்ந்த ஒலிகளை. குக்கர் விசில், பேத்தியின் குரல், ச, த போன்ற எழுத்துகள். படகு முதலாளியான சம்மாட்டி போனில் சங்கு என்ன விலை என்று கேட்டால் இவர் பங்குக் கணக்கை ஒப்பிப்பார். கேட்டால், இந்தக் காலத்தில் எல்லோரும் வார்த்தையை மென்று விழுங்குகிறார்கள் என்பார். நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு சிரிப்பார். அப்புறம் அந்த இடத்துக்கே போவதை நிறுத்திவிட்டார். அவரைக் கேட்ட கேள்விக்கெல்லாம் மாமி பதில் சொல்லிவிடுவதால் குறை வெளியே தெரியவில்லை.

அக்கம்பக்கத்து வைத்தியம் தனி. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றச் சொல்லாதவர் இல்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது சீழ் பிடிக்கத்தான் வழி.

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போக வேண்டும் என்று சாக்குச் சொல்ல முடியாது. அப்போதுதான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். முதலில் விளக்கடித்து அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். சிலருக்கு அதை எடுத்தாலே சரியாகிவிடுமாம். பிறகு சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று தாளில் கோடு ஓடியது. தாழ்ந்த ஒலிகளில் சமமாக வந்த கோடு, உயர்ந்த ஒலியான 4000 ஹெர்ட்ஸ் பக்கம் செங்குத்தாக இறங்கிவிட்டது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம். 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும் என்றார் பரிசோதித்த பெண். இரவெல்லாம் எஞ்சினோடு இருப்பவருக்கு இது என்ன கணக்கு! உள்காதில் பட்டுப்போன நுண்மயிர்ச் செல்கள் திரும்ப முளைக்காது. காதில் மாட்டும் கேட்புக் கருவிதான் வழி.

கருவி மாட்டிய புதிதில் தட்டு வைக்கும் சத்தத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார். பழக மாதக்கணக்கில் ஆகலாம். உப்புக்காற்றும் ஈரமும் அதற்கு ஆகாது என்பதால் இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறோம். படகில் கருவியைக் கழற்றிவிட்டு எஞ்சின் பக்கம் காது மூடியோடுதான் போகிறார். உடன் போகிறவர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

மாமாவுக்கு மெல்லப் போனது. தடைக்காலம் வரை பொறுக்க முடிந்தது. ஆனால் ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு ஸ்டீராய்டு மருந்து உண்டு. முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.